தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை உண்டு, டெங்கு தினத்துக்கு ஏன் இல்லை?

2025 மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் அன்று நடக்க வேண்டிய கிராம சபை 29-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அதே ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி கிராம சபை 11-ஆம் தேதி நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உள்ளாட்சிகள் தினத்துக்கான நவம்பர் 1 கூட்டம், தீபாவளியை ஒட்டி வந்ததால் நவம்பர் 23-க்குப் போனது. ஒவ்வொரு தடவையும் ஊரில் எழும் கேள்வி ஒன்றுதான். ஒரு தினத்தை முன்னிட்டு நடக்கிற கூட்டத்தை வேறு நாளில் நடத்தலாமா, அப்படி நடத்தலாம் என்றால் அந்தத் தினத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள், முதலில் தேர்ந்தெடுத்தது யார்?

வருடத்தில் நூற்றுக்கணக்கான விழிப்புணர்வு நாட்கள் இருக்கின்றன. தண்ணீருக்கு ஒரு நாள், கழிப்பறைக்கு ஒரு நாள், புகையிலைக்கு எதிராக ஒரு நாள், கொசுவுக்குக்கூட ஒரு நாள். இதில் ஒரு ஊராட்சியின் நோட்டுக்குள் வந்து சேர்வது சில நாட்கள் மட்டுமே. அவை எந்த வழியாக வருகின்றன என்று தெரிந்தால், உங்கள் ஊருக்குத் தேவையான ஒரு நாளைக் கேட்டு வாங்குவதும் எளிது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், யார் "ஊராட்சி"?

இரண்டு அமைப்புகளைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. ஊராட்சி மன்றம். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உட்கார்ந்து பேசுகிற, தேர்தலில் வென்றவர்களின் கூட்டம்.

2. கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் இதில் உறுப்பினர்கள். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், யாரும் நியமிக்க வேண்டியதில்லை.

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. அதையொட்டி வந்தது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் 3-ஆவது பிரிவு கிராம சபையைப் பற்றியது. நம் கேள்விக்கு அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது.

கவனியுங்கள், சட்டம் சொல்வது இடைவெளியை. எந்தத் தேதி, எந்தத் தினம் என்பதெல்லாம் அரசாணைகளாலும் அறிவிப்புகளாலும் வந்தவை. தேதியைத் தள்ளிவைக்க முடிவதும் இதனால்தான். மார்ச் 22 கூட்டம் 29-இல் நடந்தால் தினத்தின் பெயர் கொஞ்சம் நகர்கிறது, சட்டம் மீறப்படவில்லை. கூட்டமே நடக்காமல் ஆறு மாதம் தாண்டினால்தான் மீறல்.

ஆறு நாட்கள் வந்த வழி

நெடுநாளாகக் கிராம சபைக்கு நான்கு நாட்கள் இருந்தன: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததை அடுத்து இரண்டு நாட்கள் சேர்ந்தன: மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். இப்போது மொத்தம் ஆறு.

பழைய நான்கையும் புதிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய நான்கும் அரசு விடுமுறை. பள்ளிக்கூடம் காலியாக இருக்கும், வேலைக்கு டவுனுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நான்கு நாளும் டாஸ்மாக் கடைக்கும் விடுமுறை, கூட்டத்துக்கு வரும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. புதிய இரண்டும் விடுமுறை நாட்கள் அல்ல. வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் யார் வர முடியும்? வயதானவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர். ஓசூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறுகிற இளைஞர்கள் வர மாட்டார்கள். ஆள் குறைந்தால் குறைவெண் வரம்பும் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு) இடிக்கும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

மார்ச் 22 வெளியிலிருந்து வந்த தேதி. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் பேச்சு எழுந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டது, 1993 மார்ச் 22-இல் முதல் முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டு மழையைப் பார்த்துத் தேர்ந்த தேதி இல்லை, ஆனாலும் நமக்கு அருமையாகப் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த கிணறும் ஏரியும் மார்ச் கடைசியில் இறங்கத் தொடங்கியிருக்கும், கோடைத் தட்டுப்பாடு இன்னும் முழுசாக வந்திருக்காது. எந்த ஆழ்துளைக் கிணறு காற்று வாங்குகிறது, எந்தத் தெருக் குழாய்க்கு வாரம் ஒருமுறைதான் தண்ணீர் என்று ஊர் வாய்விட்டுச் சொல்லச் சரியான நேரம். பத்தே நாளில் புது நிதியாண்டும் பிறக்கிறது.

நவம்பர் 1 அதற்கு நேர் எதிர். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதன் நட்டநடுவில், திறந்தவெளியில் அல்லது பள்ளி வளாகத்தில் ஊர் கூட வேண்டும். வயலில் நடவும் களையெடுப்பும் இருக்கும், தீபாவளி அக்கம்பக்கத்தில் வரும். தேதிக்குக் காரணம் வரலாறு: 2006-11 தி.மு.க. ஆட்சியில் இதே நாள் உள்ளாட்சி தினமாகக் கொண்டாடப்பட்டு, பிறகு நின்றுபோயிருந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாளும் நவம்பர் 1 என்பதால், 2019-இல் அதைத் தமிழ்நாடு நாளாகவும் கொண்டாடினார்கள். 2021-இல் தமிழ்நாடு நாள் ஜூலை 18-க்கு மாறியது. மறுவருடம் நவம்பர் 1 உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்களுக்குக் கிராம சபை இல்லை, பகுதி சபை உண்டு. அதற்கு விதிகளில் சொன்ன நாட்கள் வேறு: ஜனவரி 25 வாக்காளர் தினம், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள். கிராமத்துக்கு ஒரு நாட்காட்டி, நகரத்துக்கு ஒரு நாட்காட்டி.

ஒரு தினம் மேலிருந்து ஊருக்கு இறங்கும் படிகள்

ஊராட்சியே உட்கார்ந்து "இந்த வருடம் எந்தெந்த நாட்களைக் கடைப்பிடிக்கலாம்" என்று பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுப்பது மிக அரிது. பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது:

1. உலக அளவில் ஒரு அமைப்பு அறிவிக்கிறது. ஐ.நா. பொதுச் சபை, உலக சுகாதார அமைப்பு போன்றவை. சில நேரம் தனி மனிதர் தொடங்கியது ஐ.நா.வுக்குப் போகும். நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினத்தைச் சிங்கப்பூரின் ஜாக் சிம் 2001-இல் தொடங்கினார், ஐ.நா. 2013-இல் ஏற்றுக்கொண்டது.

2. ஒன்றிய அரசின் துறை ஒன்று அதைக் கையில் எடுக்கிறது அல்லது சொந்தமாக ஒரு நாளை அறிவிக்கிறது. மே 16 தேசிய டெங்கு தினம் சுகாதாரத் துறையின் நாள். ஏப்ரல் 24 தேசிய ஊராட்சி தினம் 2010 முதல் இருக்கிறது.

3. மாநில அரசு தன் பங்குக்கு அறிவிக்கிறது. செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள் சமூக நீதி நாளானது 2021-இல், ஏப்ரல் 14 சமத்துவ நாளானது 2022-இல்.

4. ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி இயக்குநரகத்திலிருந்து கடிதம் மாவட்ட ஆட்சியருக்கு, அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அங்கிருந்து ஊராட்சி செயலருக்கு. கடைசிப் படியில் இது பெரும்பாலும் செல்போன் குழுவில் வந்து விழும் ஒரு பி.டி.எஃப்.

5. ஊராட்சி செயலர் தாளை அச்செடுத்து, கூட்ட அறிவிப்பு ஒட்டி, ஊருக்குச் சொல்கிறார். முன்பெல்லாம் தண்டோரா. 2022 ஆகஸ்டில் தண்டோராவுக்கு அரசு தடை போட்டது, இப்போது வண்டியில் ஒலிபெருக்கி.

நான்காவது படியில் வரும் கடிதத்தில் "கூட்டப்பொருள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். ஊராட்சி நிர்வாகமும் பொது நிதிச் செலவும், தணிக்கை அறிக்கை, தூய்மையான குடிநீர், கொசுவால் பரவும் நோய்த் தடுப்பு, வளர்ச்சித் திட்டம் என்று வரிசையாக. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் இதே பட்டியல்தான். கடலோர ஊருக்கும் மலை ஊருக்கும் ஒன்றே.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. டெங்கு தினத்துக்குக் கிராம சபை கிடையாது, ஆனால் டெங்கு ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களின் பொருளாக உள்ளே வந்துவிடும். தினத்தின் பெயர் ஒரு வழியில் போகிறது, தினத்தின் வேலை இன்னொரு வழியில் போகிறது. ஊருக்கு முக்கியம் இரண்டாவது வழிதான் என்பது என் கருத்து.

உறுதிமொழி மட்டும் உள்ள நாட்கள்

கூட்டம் இல்லாமல், அலுவலக வாசலில் நின்று உறுதிமொழி வாசிப்பதோடு முடிகிற நாட்கள் தனி வகை. பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள், மே 21 வன்முறை எதிர்ப்பு நாள், ஜனவரி 25 வாக்காளர் தினம், மேலே சொன்ன சமூக நீதி நாளும் சமத்துவ நாளும் இதில் சேரும். வருவது ஒரு பக்கத் தாள். செயலர், தூய்மைக் காவலர், குடிநீர் ஆபரேட்டர் என்று நான்கைந்து பேர் நிற்பார்கள், கையை நீட்டி வாசிப்பார்கள், படம் எடுத்து அனுப்புவார்கள்.

இதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். செங்கல் சூளையோ மரம் வெட்டும் வேலையோ உள்ள வட்டாரத்தில் பிப்ரவரி 9 தாளை வாசிப்பதற்கு உயிருள்ள அர்த்தம் உண்டு. முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது 1976 முதல் சட்டப்படி குற்றம் என்பதை அங்கே உரக்கச் சொன்னால் கேட்க வேண்டியவர் காதில் விழும். ஆனால் அதைச் சூளைக்குப் பக்கத்தில் வாசிக்க வேண்டும். அலுவலகக் கதவைப் பார்த்து வாசித்தால் யாருக்குக் கேட்கும்?

எந்தத் தினம் ஒட்டிக்கொள்ளும், எது உதிர்ந்துவிடும்?

நூறு தினங்களில் சில மட்டும் ஊரில் வேர் பிடிப்பதற்கு மூன்று காரணங்களைப் பார்க்கிறேன்.

1. பணம். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. குடிநீர், துப்புரவு என்று சொன்ன வேலைக்கு மட்டுமே செலவு செய்யலாம் என்று வைத்தார்கள். அதனால் தண்ணீர் தினத்திலும் கழிப்பறை தினத்திலும் ஊர் கேட்கும் வேலைக்குப் பின்னால் ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறது. அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு அப்படி எதுவும் இல்லை, ஊரில் எத்தனை குடும்பம் அந்தப் பிரச்சினையில் தவித்தாலும் ஊராட்சி பொது நிதியைத்தான் தடவிப் பார்க்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்துக்கே செலவு வரம்பு 5,000 ரூபாய். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, டீ என்று போட்டால் அது போதும் போதாததுமாக இருக்கும்.

2. ஆள். அந்த விஷயத்துக்கு ஊரில் நிரந்தரமாக ஒருவர் இருக்க வேண்டும். காசநோய், தொழுநோய் என்றால் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். ஜனவரி 30 தொழுநோய் எதிர்ப்பு நாள் கிராமங்களுக்குள் வந்ததற்கு இது பெரிய காரணம். 2017-இல் தொடங்கிய ஸ்பர்ஷ் என்ற தொழுநோய் விழிப்புணர்வு இயக்கம் கிராம சபைகளையே மேடையாக்கியது, ஆட்சியரின் செய்தியை அங்கே வாசித்தார்கள். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள் என்று சொல்ல ஆளும் இருந்தார், மாத்திரையும் இலவசமாக இருந்தது. ஆள் இல்லாத தினம் ஒருமுறை வரும், மறுவருடம் வராது.

3. பருவம். இதில்தான் நிறையப் பேசணும்.

ஜூன் 5-இல் நடும் கன்று

1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து பிறந்தது ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். வருடா வருடம் அன்றைக்கு மரக்கன்று நடுகிறோம். கன்று நடும் வாரமான வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது, 1950-இல் கே.எம். முன்ஷி தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் இந்தியாவின் பெரும்பகுதிக்கு இந்த இரண்டு தேதியும் நியாயமானவை, கன்று வேர்விட மழை காத்துக்கொண்டிருக்கும்.

கன்னியாகுமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி, தென்காசி ஓரம், இவற்றை விட்டுவிட்டு மற்ற தமிழ்நாட்டைப் பாருங்கள். ஜூன் 5 என்பது அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான். ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் கடப்பாறை போட்டால் மண் பொறி பறக்கும் அளவுக்கு இறுகிக் கிடக்கும். ஒன்றரை அடிக் குழி வேண்டிய இடத்தில் அரை அடிதான் வெட்ட முடிகிறது. புங்கனோ நாவலோ அதில் நிற்கும். அன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும், மறுநாள் பள்ளி திறந்தபின் பிள்ளைகள் பாட்டில் மீதியை ஊற்றுவார்கள், அப்புறம் சனி ஞாயிறு. மேல்காற்று வீசத் தொடங்கியதும் இலை ஓரம் கருகும், ஆடியில் வெறும் குச்சியும் சுற்றி நட்ட முள்ளும் நிற்கும்.

தண்ணீர் ஊற்ற ஆள் போட்டு, நூறு நாள் வேலையில் பராமரிப்பை எழுதி, சொட்டுநீர் விட்டுப் பிழைக்கவைத்த ஊர்களும் உண்டு. ஆனால் ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும், விதை இலவசமாகக் கிடைக்கும், அதை ஏரிக்கரையில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டால் ஐப்பசி மழை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரே உழைப்பு, நான்கு மாதம் தள்ளி. ஜூன் 5-இல் இடம் தேர்ந்து, குழிக்கு அளவெடுத்து, எந்த மரம் எங்கே என்று எழுதி வைத்துவிட்டு, நடுவதை அக்டோபருக்கு வைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? மேலிருந்து வரும் கடிதம் கேட்பது அன்றைய தேதியிட்ட படம். அதற்கு இரண்டு கன்று நட்டுப் படம் எடுக்கலாம், இருநூறு கன்றையும் அன்றே நட்டுக் கொல்ல வேண்டியதில்லை.

டெங்குவும் இதே கதைதான். மே 16 தேசிய டெங்கு தினம் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய தயாரிப்பாக வைத்தது. தமிழ்நாட்டில் காய்ச்சல் வார்டு நிரம்புவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். அதற்கு முன்னாடி எச்சரிக்க வேண்டுமானால் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள் நமக்கு எவ்வளவோ பொருத்தம். 1897-இல் அந்த நாளில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மழைக்கு இரண்டு மாதம் முன்பு, கிராம சபைக்கு ஐந்து நாள் பின்பு. ஆகஸ்ட் 15-இல் தீர்மானம், 20-இல் வேலை தொடக்கம் என்று வைத்துக்கொண்டால் கையோடு கையாக முடியும்.

இன்னொன்றும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 8 முதல் 10 நாள். அப்படியானால் வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தினம் எப்படிப் போதும்? "டெங்கு தினம் கடைப்பிடிக்கப்பட்டது" என்று எழுதுவதைவிட "ஆவணி முதல் மார்கழி வரை வெள்ளிக்கிழமை தோறும் தொட்டி கவிழ்க்கும் நாள்" என்று எழுதினால் கொசுவின் கணக்கோடு நம் கணக்கு பொருந்தும்.

இதே ஒப்பீட்டைத் தண்ணீர் தினத்துக்கும் போடலாம். மேல்நிலைத் தொட்டியின் தூணில் பெயிண்ட்டால் எழுதியிருக்கும் தேதிகளைப் பார்த்திருப்பீர்கள்: கழுவிய நாள், அடுத்துக் கழுவ வேண்டிய நாள். மார்ச் 22 கூட்டத்துக்குப் போகும் முன் அந்தத் தூணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். எழுதிய தேதி மாதக்கணக்கில் பழையதா? கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி வைத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தரப்படுகிறது. அந்த ஐந்து பேர் யார், கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு எங்கே எழுதியிருக்கிறது? இரண்டாவது கேள்வி.

ஒரு நாள் கூடுதலாக இருந்ததால் என்ன ஆனது

தினங்கள் எல்லாம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்ல வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வான செய்தி 2024 நவம்பர் தொடக்கத்தில் வந்தது. பழைய நான்கு நாட்கள் மட்டும் இருந்திருந்தால் அடுத்த வழக்கமான கிராம சபை 2025 ஜனவரி 26. ஆனால் உள்ளாட்சிகள் தினக் கூட்டம் தீபாவளியால் தள்ளிப்போய் நவம்பர் 23-இல் வந்து நின்றது. செய்தி வந்த இரண்டு வாரத்தில் ஊர் கூடியது. அரிட்டாபட்டியும் சுற்றுப்புற ஊராட்சிகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரத்துக்குக் காரணம் கிராம சபை மட்டும் என்று சொல்லக்கூடாது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், மதுரை வரை நடந்தார்கள், கட்சிகள் பேசின. ஆனால் போராட்டத்தின் தொடக்கத்திலேயே கையில் எழுத்தில் ஒரு தீர்மானம் இருந்தது, கையெழுத்துகளோடு. அது "உள்ளாட்சிகள் தினம்" என்ற பெயரில் கூடிய கூட்டத்தில் எழுதப்பட்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டுக்கொண்டே வந்ததும் இதே வழியில்தான். சுதந்திர தினமா, தண்ணீர் தினமா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம், கூட்டம் நடக்கிறதா என்பதே முதல்.

அதனால்தான் கூட்டம் ரத்தாவதும் தள்ளிப்போவதும் ஒன்றல்ல. 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்தானது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போதும் கூட்டம் நடக்காது. தள்ளிவைத்தால் வேறொரு நாளில் பேசலாம். ரத்தானால் ஊர் பேச வேண்டியது அடுத்த கூட்டம் வரை வாயிலேயே நிற்கும்.

இதோடு இன்னொரு சிக்கல். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஊராட்சியில் மேலிருந்து வரும் பட்டியலைத் தாண்டி ஒரு நாளைச் சேர்க்கச் சொல்லி மன்றத்தில் பேச ஆள் இல்லை. கிராம சபை மட்டும்தான் மிச்சம்.

உங்கள் ஊருக்கு ஒரு நாள் வேண்டுமானால்

மேலிருந்து வரும் ஆறு கூட்டமும் உறுதிமொழித் தாள்களும் இருக்கட்டும். அவற்றுக்கு மேல் ஊர் தானாக ஒரு நாளை எடுத்துக்கொள்வதற்கு யாரும் தடை சொல்லவில்லை. செய்யும் முறை:

1. வேலையை முதலில் எழுதுங்கள், தேதியைப் பிறகு தேடுங்கள். "வரத்துக் கால்வாய் மூன்று தூர் எடுக்க வேண்டும்" என்பது வேலை. அது ஆனி, ஆடியில் நடக்க வேண்டும், அக்டோபரில் தண்ணீர் ஓடும்போது முடியாது. அந்தக் காலத்தில் எந்தத் தினமும் இல்லையா, பரவாயில்லை, ஊரே ஒரு பெயர் வைக்கட்டும்.

2. அந்த வேலையைச் செய்யும் ஆளிடம் முன்கூட்டியே பேசுங்கள். செவிலியர், தலைமையாசிரியர், ஆபரேட்டர், தூய்மைக் காவலர். ஊராட்சி செயலரையும் மறக்க வேண்டாம். கூட்டத்தின் விவரங்களை "நம்ம கிராம சபை" செயலியில் ஏற்றுவது, வரி வசூல், நூறு நாள் வேலைக் கணக்கு, வீட்டுத் திட்டப் புகைப்படம் என்று அவர் தலையில் ஏற்கெனவே பெரிய சுமை. வருடத்துக்கு இருபது தினம் கேட்டால் இருபதும் படத்தோடு நின்றுபோகும். இரண்டு கேளுங்கள், மூன்று வேண்டாம்.

3. எங்கே கேட்பது? மன்றம் இருந்தால் வார்டு உறுப்பினர் மூலம் மன்றக் கூட்டத்தில். இல்லையென்றால் கிராம சபையில், பொதுப் பட்டியலை வாசித்து முடித்ததும் "இதர பொருட்கள்" வரும் இடத்தில். அங்கே எழுந்து பேசினால் மட்டும் போதாது, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூட்டம் கலையும் நேரத்தில் யார் என்ன சொன்னார் என்று செயலருக்கு நினைவிருக்காது.

4. தீர்மான வாசகத்தில் நான்கு விவரம் இருக்கட்டும்: என்ன வேலை, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு, எந்த நிதியிலிருந்து. "விழிப்புணர்வு ஏற்படுத்துவது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால், மறுகூட்டத்தில் கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

5. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது, தீர்மானம் எழுதி முடித்துவிட்டார்களா என்று பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போதும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.